ஆடும் பாதத்தில் மரு

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியில் நாட்டிய வகுப்பு எடுக்கிறேன். பரதம் வெறுங்காலில் ஆடும் கலை. மந்தைவெளி, அடையாறு, தி.நகர் என்று எங்கெங்கிருந்தோ வரும் குழந்தைகள் ஒரே தரையில்தான் தட்டடவு போடுகிறார்கள். அதனால் பாடம் நடக்கும்போது என் பார்வை முகத்தைவிடப் பாதத்தில்தான் அதிகம் இருக்கும். யாருக்குக் குதிகால் வெடித்திருக்கிறது, யார் ஒரு காலை மட்டும் தாங்கி வைக்கிறாள் என்பது தாளம் தப்புவதற்கு முன்பே தெரிந்துவிடும். அப்படித்தான் பாத மருவையும் அடையாளம் காணப் பழகினேன். மாணவிகளோடு தோல் மருத்துவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நாட்டிய ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும்.

குழந்தை வந்து ‘எனக்கு மரு’ என்று சொல்லாது. நாட்டடவில் குதிகாலை ஊன்ற வேண்டிய இடத்தில் பாதத்தைச் சாய்த்து வைக்கும். கேட்டால், செருப்புக்குள் சின்னக் கல் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லும். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் காய்ப்பு மாதிரி ஒரு வட்டம். ஆடுகிறவர்களுக்குக் காய்ப்பு இருப்பது இயல்பு என்பதால் அம்மாக்கள் அதை விட்டுவிடுவார்கள், அல்லது கால் ஆணி என்பார்கள்.

மூன்று சோதனைகளை ஒரு மருத்துவர் எனக்குக் காட்டிக்கொடுத்தார். முதலாவது, தோலின் ரேகைகள். காய்ப்பின் மேல் ரேகைகள் தொடர்ந்து ஓடும். மரு இருந்தால் அந்த இடத்தை விட்டு ஒதுங்கிப் போகும். இரண்டாவது, வலி. கால் ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவை இரண்டு பக்கமும் விரலால் பிடித்துக் கிள்ளினால்தான் குழந்தை காலை இழுத்துக்கொள்ளும். மூன்றாவது சோதனையை மருத்துவர்தான் செய்ய வேண்டும். மேல் தோலைப் பிளேடால் மெல்லச் சீவினார். அடியில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. குழந்தையின் பாட்டி அதை வேர் என்றார். அது வேர் இல்லை, இரத்தம் உறைந்துபோன நுண்குழாய்கள் என்று மருத்துவர் விளக்கினார். மருவுக்கு வேரே கிடையாது. அது தோலின் மேலடுக்கிலேயே வாழும் சங்கதி. இதைத் தெரிந்துகொண்டாலே, ‘வேரோடு பிடுங்குகிறேன்’ என்று யாராவது கத்தியை எடுக்கும்போது தடுத்துவிடலாம்.

மருவுக்குக் காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். மரு வைரஸால் வருவது என்பதை இத்தாலிய மருத்துவர் சியுஃபோ 1907-இல் நிரூபித்தார். மருவை அரைத்து, பாக்டீரியா புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றைத் தோலில் ஏற்றிப் பார்த்தார், மரு முளைத்தது. இன்றைக்கு இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாதத்துக்கு வருவது பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 என்ற எண்கள் கொண்டவை. தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். ஈரத்தில் ஊறிய பாதம் இன்னும் வசதி. வியர்த்த காலோடு தேய்த்துத் தேய்த்து ஆடும் எங்கள் பிள்ளைகளுக்கு அது சுலபமாகத் தொற்றுவதில் ஆச்சரியம் இல்லை. நீச்சல் குளத்தின் ஓரத்தரை, விடுதிக் குளியலறை எல்லாம் அதே கணக்குதான்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது அடுத்த விஷயத்தை. வைரஸ் தோலுக்குள் போன பிறகு மரு வெளியே தெரிய மாதக்கணக்கு ஆகும். இரண்டு மாதத்திலும் வரலாம், ஆறு மாதம் கழித்தும் வரலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. “மிஸ், அந்தப் பொண்ணுக்குக் கால்ல இருக்கு, எங்க குழந்தைய அவ பக்கத்துல நிக்க வெக்காதீங்க” என்று ஓர் அம்மா என்னிடம் வந்து சொன்னார். அந்தப் பெண் காதில் விழும்படியே சொன்னார். அடுத்த வகுப்புக்கு அவள் சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். சாக்ஸ் போட்டு அடவு போட்டால் வழுக்கி விழுந்துவிடுவோம் என்று அவளுக்கும் தெரியும். மருவின் வலியைவிட அந்த ஒதுக்கல்தான் குழந்தையை வாட்டுகிறது. அன்றைக்கே எல்லாப் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசினேன். மருவுக்குப் பிளாஸ்டர் போட்டு மூடினால் குழந்தை எல்லோரோடும் ஆடலாம். பள்ளிக்கோ வகுப்புக்கோ வரக் கூடாது என்று சொல்ல மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

அடுத்த ஆபத்து, அறுப்பது. என் மூத்த மாணவி ஒருத்தி கால் ஆணி என்று நினைத்து ஒரு பார்லரில் பெடிக்யூர் செய்துகொண்டாள். அங்கே பிளேடால் செதுக்கிவிட்டார்கள். இரத்தம் வந்தது, சீழ் பிடித்தது, ஆறியபிறகு சுற்றிலும் குட்டி மருக்கள் முளைத்தன. கீறல் போகும் வழியெல்லாம் வைரஸ் விதைக்கப்பட்டுவிடும். அதனால்தான் மரு இருக்கும் முகத்தில் ரேசர் ஓட்டுகிறவர்களுக்குக் கன்னத்தில் கோடு கோடாகத் தட்டை மரு வருகிறது. நகம் கடிக்கிற குழந்தைகளுக்கு நகக்கண்ணைச் சுற்றி வரிசை கட்டுவதும் இதனால்தான். அங்கே வந்துவிட்டால் போக்குவது சிரமம்.

வீட்டு வைத்தியத்தில் மயிலாப்பூர்ப் பாட்டிகள் முதலில் சொல்வது அம்மான் பச்சரிசிப் பால். சாலையோரத்தில் முளைக்கும் செடி. கிள்ளினால் வரும் பாலை மருவின் மேல் வைப்பார்கள். தோலை அரிக்கும் தன்மை அதற்கு உண்டு என்பதால் சிலருக்குப் பலன் தெரிந்திருக்கலாம். கண் பக்கம் மட்டும் போகவே கூடாது. எருக்கம்பால் அதைவிடக் கொடியது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைப்பது வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு மருவோடு நிற்காது, சுற்றியுள்ள நல்ல தோலையும் வேக வைத்துப் புண்ணாக்கிவிடும்.

வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொள்கிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். அங்கே குளத்தில் வெல்லம் கரைப்பதும் உண்டு; வெல்லம் கரைகிறபடி மரு கரைய வேண்டும் என்று. அந்த வேண்டுதலை நான் யாரிடமும் மறுத்துப் பேசுவதில்லை. குழந்தைகளின் மருக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மருந்தே இல்லாமல் இரண்டு ஆண்டுக்குள் போய்விடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி வைரஸைக் கண்டுகொண்டதும் மரு உதிர்கிறது. காத்திருக்க முடிந்தால் காத்திருப்பதும் சரியான முடிவுதான் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். வலித்தாலோ, பெருகினாலோ, ஆட முடியாமல் போனாலோ மருத்துவம் தேவை.

முதல் மருந்து சாலிசிலிக் அமிலம். லாக்டிக் அமிலத்தோடு சேர்த்து, காய்ந்தால் படலமாக ஒட்டிக்கொள்ளும் திரவமாகச் சின்னப் பாட்டிலில் விற்கிறார்கள். விலை அதிகமில்லை. பலன் இல்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தடவும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தைப் பத்து நிமிடம் ஊற வைக்க வேண்டும். வெளுத்து மெத்தென்று ஆன மேல் தோலை, நகம் தேய்க்கும் அட்டையால் இரத்தம் வராமல் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த அட்டையை வேறு எதற்கும் தொடக் கூடாது. வேலை முடிந்ததும் எறிந்துவிட வேண்டும். குளியலறையில் எல்லோரும் கால் தேய்க்கும் கல்லை எடுக்கவே கூடாது. பிறகு துடைத்துக் காய விட்டு, சுற்றிலும் வாஸ்லின் தடவி, மருவின் மேல் மட்டும் மருந்தைச் சொட்டு வைக்க வேண்டும். காய்ந்தபின் பிளாஸ்டர். மருந்து எளிதில் தீப்பற்றும். விளக்கு எரியும் இடத்தில் திறக்காதீர்கள். எரிச்சல் மிஞ்சித் தோல் சிவந்தால் ஓரிரு நாள் நிறுத்தி மறுபடி தொடரலாம்.

இதைத் தினமும், 12 வாரம் வரை செய்ய வேண்டும். மூன்றாம் வாரத்திலேயே சலிப்பு வரும். என் மாணவிகளில் குணமானவர்கள் எல்லோரும் வீட்டில் ஒருவர் கூடவே உட்கார்ந்து செய்துவிட்டவர்கள். பெரும்பாலும் அப்பாக்கள், இரவு செய்தி பார்க்கும் நேரத்தில். முகத்திலும் பிறப்புறுப்பிலும் இந்த மருந்து கூடாது. சர்க்கரை நோயாளிகள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. புண் வந்தால் தெரியாது, தெரிந்தாலும் ஆறாது.

அடுத்தது கிரையோ எனப்படும் உறைய வைக்கும் சிகிச்சை. மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனைக் குடுவையிலிருந்து எடுத்து மருவின் மேல் பீய்ச்சுவார்கள். வெண்புகை கிளம்பும், மரு பனி பூத்து வெளுக்கும், சுருக்கென்று குத்தி, பிறகு எரியும். ஓரிரு நாளில் கொப்புளம் வரலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போக வேண்டும். நடனக்காரர்களுக்கு இதில்தான் கணக்கு தேவை. மார்கழிக் கச்சேரிக்கோ அரங்கேற்றத்துக்கோ முன்னால் இதை வைத்துக்கொண்டால் கொப்புளக் காலோடு வர்ணம் ஆட வேண்டியிருக்கும். மேடைத் தேதியை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பணம் அதிகம் செலவழித்தால் சீக்கிரம் போகும் என்ற எண்ணமும் வேண்டாம். 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, பாத மரு உள்ள 240 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 50 சதவீத சாலிசிலிக் அமிலமும் மறு பாதிக்குத் திரவ நைட்ரஜனும் கொடுத்தது. 12 வாரத்தில் முழுக்கக் குணமானவர்கள் இரண்டு பக்கமும் 14 சதவீதம்தான். பாத மரு எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கும், பொறுமை ஏன் தேவை என்பதற்கும் இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

மின்சாரத்தால் சுட்டு எடுப்பது விரல், கை மருவுக்குச் சரி. உள்ளங்காலில் தழும்பு விழுந்தால் அந்தத் தழும்பே மிதிக்கும்போதெல்லாம் வலிக்கும். ஆடுகிறவர்கள் அதற்குச் சம்மதிக்கும் முன் வேறு வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருக்கிறது: தட்டம்மைக்குப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பு மருந்தைப் பெரிய மரு ஒன்றில் ஊசியாகச் செலுத்தி எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் முறை. பலித்தால் ஊசி படாத மருக்களும் சேர்ந்து உதிரும். நிறைய மரு உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறார்கள். தி.நகர், அடையாறு கிளினிக்குகளில் செலவு செய்ய முடியாதவர்கள் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம்.

பெற்றோர் செல்போனில் வைரஸின் பெயரைத் தேடிவிட்டு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று படித்துப் பதறி வருகிறார்கள். அந்த நோய்க்குக் காரணமானவை முக்கியமாக 16, 18 என்ற வேறு வகைகள். இந்தத் தொடர்பைக் கண்டறிந்ததற்காகத்தான் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். காலில் மரு வந்த பெண்ணுக்கு அந்தப் புற்றுநோய் வரும் என்று பொருளே இல்லை. ஆனால் அந்தப் பதற்றத்தை நல்ல காரியத்துக்குத் திருப்பலாம்: 6, 11, 16, 18 வகைகளுக்கு எதிரான செர்வாவாக் தடுப்பூசி இந்தியாவிலேயே தயாராகிறது. 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடும் திட்டத்தைத் தமிழக அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது. இது பாத மருவைத் தடுப்பதற்கு இல்லை. ஆனாலும் பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் அவசியம் விசாரிக்க வேண்டும். பிறப்புறுப்பில் மரு வந்தால் கூச்சப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மரு மாதிரி இருப்பதெல்லாம் மரு இல்லை. கழுத்திலும் அக்குளிலும் மெத்தென்று தொங்கும் சின்னச் சதைகளை வைரஸ் உண்டாக்குவதில்லை. உடல் எடையோடும் சர்க்கரை நோயோடும் அவற்றுக்குத் தொடர்பு உண்டு. முடி கட்டி அறுப்பதற்குப் பதில் ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வது மேல். பெரியவர்களுக்கு உள்ளங்காலில் கறுப்புத் திட்டு பரவினால், அல்லது ஒரு கட்டி வேகமாக வளர்ந்து இரத்தம் கசிந்தால், மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

எங்கள் வகுப்பில் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். கால் துடைக்கத் தனித்தனித் துண்டு. தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் துடைக்கிறோம். கை கழுவும் சானிடைசர் இந்த வைரஸுக்கு அவ்வளவாக வேலை செய்யாது. நிகழ்ச்சி நாளில் ஒரே பிரஷால் வரிசையாக எல்லாக் குழந்தைக்கும் பாதத்தில் அல்தா இடும் பழக்கத்தை நிறுத்திவிட்டோம். ஆளுக்கொரு பஞ்சு, ஆளுக்கொரு மூடி அல்தா. சலங்கைப் பட்டையை மாற்றிக் கட்டிக்கொள்வதும் இல்லை.

மரு போய்விட்டதா என்பதை வலியை வைத்து முடிவு செய்யாதீர்கள். வலி முன்னாலேயே நின்றுவிடும். நல்ல வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல், தோலின் ரேகைகள் அந்த இடத்தின் குறுக்காக மறுபடி ஓடினால் குணமாகிவிட்டது. ஒரு புள்ளி மிச்சமிருந்தாலும் மருந்தைத் தொடருங்கள். குணமான பிறகும் சில மாதம், வாரம் ஒருமுறை அதே இடத்தைப் பாருங்கள். திரும்பி வந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.