நீர்ச்சறுக்கு இல்லாத கப்பல்

லண்டன்

அன்புள்ள தம்பிக்கு,

ஆகஸ்ட் விடுமுறையில் நியூயார்க் போக குயின் மேரி 2 கப்பலில் இடம் பார்த்திருப்பதாக எழுதியிருந்தாய். பிள்ளைகள் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதையும் எழுதியிருந்தாய். ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலின் வீடியோக்களைப் பார்த்த 15 வயதுப் பையனும் 13 வயதுப் பெண்ணும், ஆறு நீர்ச்சறுக்கும் ஏழு நீச்சல்குளமும் உள்ள கப்பல் இருக்கும்போது, பெரியவர்கள் கூடி டீ குடிக்கும் கப்பலில் எதற்கு ஏழு இரவு என்று கேட்பது நியாயமான கேள்வி. ‘போய்ப் பார், பிடித்துவிடும்’ என்று சொல்லி அதை மூடிவிடாதே. இந்த வயதுப் பிள்ளைகளிடம் முதலில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சறுக்கு கிடையாது. சுவரேறும் விளையாட்டு கிடையாது. சவுத்தாம்ப்டனில் ஏறினால் நியூயார்க்கில்தான் இறக்கம். நடுவில் ஒரு துறைமுகம்கூட இல்லை.

உள்ளதைச் சொன்ன பிறகு, கப்பல் யாருடைய கனவு என்பதைச் சொல். அதை வடிவமைத்தவர் ஸ்டீஃபன் பெயின். 1972-இல் ஹாங்காங்கில் பழைய குயின் எலிசபெத் கப்பல் தீப்பற்றி அழிந்தபோது அவர் பள்ளிச் சிறுவன். அப்படியொரு கப்பலை இனி யாரும் கட்டப்போவதில்லை என்று சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியான புளூ பீட்டரின் ஆண்டு மலரில் படித்தவர், அது தவறு, கட்டுவார்கள், அதை வடிவமைப்பது நானாக இருப்பேன் என்று நிகழ்ச்சிக்கே கடிதம் எழுதிவிட்டார். 2004 ஜனவரியில் குயின் மேரி 2 சவுத்தாம்ப்டனிலிருந்து முதல் பயணம் கிளம்பியது. அந்த ஆண்டே புளூ பீட்டர் தன் தங்க பேட்ஜை அவருக்குக் கொடுத்தது. இங்கே வளரும் பிள்ளைகளுக்கு அந்த பேட்ஜின் மதிப்பு நாம் விளக்காமலே தெரியும்.

இன்று ஓடும் பயணக் கப்பல்களில் இது தனி இனம். மற்றவை தீவு தீவாக நின்று போகும் உல்லாசக் கப்பல்கள். இது வட அட்லாண்டிக்கை ஆண்டு முழுவதும் குறுக்கே கடப்பதற்காகப் பிரான்சின் சாந்த் நாசேரில் கட்டப்பட்டது. நீளம் 345 மீட்டர். மூக்கு கூர்மையாக நீண்டிருக்கும், உடலின் எஃகு தடிமன், வேகம் மணிக்கு 30 கடல் மைல் வரை போகும். சுக்கானே கிடையாது. கப்பலின் அடியில் தொங்கும் நான்கு மின் உந்திகளில் இரண்டு முழுவட்டமாகத் திரும்பக்கூடியவை; அவைதான் கப்பலைத் திருப்புகின்றன. முன்தளத்தில் நவீனச் சிற்பங்கள் மாதிரி வளைந்த பெரிய உலோக இதழ்கள் வரிசையாக நிற்கும். அவை அலங்காரத்துக்கு வைத்தவை இல்லை, புரொப்பெல்லருக்கான மாற்று இதழ்கள். பையனை அங்கே கூட்டிக்கொண்டுபோய் விளக்கம் சொல்லாதே. அவனே நடந்துபோய்ப் பார்த்து, இது என்ன என்று மாலுமி ஒருவரிடம் கேட்கட்டும்.

எந்தத் திசையில் போகிறீர்கள் என்பது இந்த வயதுக்கு முக்கியம். மேற்கே போகும்போது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையிலுள்ள ஐந்து மணி நேர வித்தியாசத்தை ஒவ்வோர் இரவாக, ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பின்னே தள்ளித் தீர்ப்பார்கள். அதாவது ஐந்து நாட்கள் ஒவ்வொன்றும் 25 மணி நேரம். பதின்ம வயதில் உறக்கத்துக்கான மெலடோனின் தாமதமாகச் சுரப்பதால் இரவில் சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் எழவும் முடியாது. சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவதில் பாதி அந்த உடலின் இயல்பு. பள்ளி மணி அதற்கு ஒருநாளும் விட்டுக்கொடுப்பதில்லை. மேற்கே போகும் கப்பல் விட்டுக்கொடுக்கிறது. திரும்பும் திசையில் இதே ஐந்து மணி நேரம் பறிபோகும். அதனால் போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள். காலை உணவுக்கு எழுப்பாதே. நேரம் தாண்டி எழுந்தாலும் கிங்ஸ் கோர்ட் பஃபேயில் ஏதாவது கிடைக்கும்.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று. அமைதியான கப்பல் பிள்ளைகளுக்குச் சலித்துப்போவது அங்கே வேடிக்கை குறைவு என்பதால் அல்ல. அப்பா அம்மாவின் வால் பிடித்தே ஏழு நாளும் அலைய வேண்டியிருப்பதால்தான். லண்டனில் பையன் பஸ் ஏறினால் ‘ஏறிட்டியா, இறங்கிட்டியா’ என்று குறுஞ்செய்தி போகிறது. கப்பலில் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை. அறைக்கதவு திறக்கும் அட்டையை இருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டு, இரவு உணவுக்கு இத்தனை மணிக்கு மேஜையில் இருக்க வேண்டும், இரவு இத்தனை மணிக்கு அறைக்கு வந்துவிட வேண்டும், கைப்பிடிக் கம்பியில் ஏறக்கூடாது என்று மூன்றே விதி போடு. மீதிப் பொழுது அவர்களுடையது. எங்கே போனாய், என்ன செய்தாய் என்ற விசாரணை வேண்டாம்.

எங்கே போவார்கள் என்று கவலைப்படாதே. கப்பலுக்குள்ளேயே கோளரங்கம் இருக்கிறது, கடலில் மிதந்த முதல் கோளரங்கம் அதுதான். எட்டாம் தளத்தின் முன்கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரிகளோடு நூலகம். 8,000-க்கும் மேற்பட்ட புத்தகங்கள், சாய்ந்து உட்கார்ந்தால் ஜன்னல் முழுக்கக் கடல். பகலில் விண்வெளி, வரலாறு, உளவுத்துறை என்று யாராவது அறிஞர் பேசிக்கொண்டிருப்பார். குயின்ஸ் ரூம் என்ற பெரிய நடனக்கூடத்தில் வால்ட்ஸ் சொல்லிக்கொடுப்பார்கள். அதே கூடத்தில் பிற்பகலில் வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர்கள் டீயும் ஸ்கோனும் எடுத்து வருவார்கள். மேலே பன்னிரண்டாம் தளத்தில் நாய்கள் பயணம் செய்யும் கூடம். அவை கால் தூக்க லிவர்பூலிலிருந்து ஒரு விளக்குக் கம்பமும் அமெரிக்க பாணித் தீயணைப்புக் குழாயும் நட்டு வைத்திருக்கிறார்கள். நாய் மேல் உயிரையே வைத்திருக்கும் உன் பெண் அங்கே போகத் துடிப்பாள். ஆனால் உரிமையாளர்கள் மட்டுமே உள்ளே போகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடு.

13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கென்று தனி இடமும் உண்டு. முதல் நாள் மாலையே இருவரும் அங்கே தலைகாட்டிவிட வேண்டும். பிள்ளைகளின் கூட்டு முதல் நாளில் சேர்ந்துவிடும். மூன்றாம் நாள் புதிதாக நுழைவது கூச்சசுபாவம் உள்ள பெண்ணுக்குக் கஷ்டம். பள்ளி நாட்களில் இந்தக் கப்பலில் அவர்கள் வயதில் யாரும் இருப்பதே அரிது, ஆகவே நீ ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்தது சரி. ஜனவரியில் என்றால் போகவே வேண்டாம் என்று எழுதியிருப்பேன்; அந்தக் குளிரில் மேல்தளத்தில் நிற்க முடியாது, கடலும் ஆட்டும்.

இரவு உணவுக்கு பிரிட்டானியா உணவகத்தில் உங்கள் நால்வருக்கு மட்டும் மேஜை கேட்காதே, மற்றவர்களோடு சேர்ந்து உட்காரும் பெரிய மேஜையைக் கேள். ஒரே மேஜையில், தெரியாத பெரியவர்கள் சிலரோடு ஏழு இரவும் சாப்பிடுவது பழைய கப்பல்களின் வழக்கம், இங்கே இன்னும் நிற்கிறது. விமானத்துக்குப் பயந்தவர்கள், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், வீடு மாறிக் கண்டம் தாண்டுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கப்பலில் வருவார்கள். நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது பிள்ளையைப் பார்த்து ‘என்ன படிக்கிறாய்’ என்று கேட்டால் பதில் அம்மாவின் வாயிலிருந்தோ அப்பாவின் வாயிலிருந்தோ வந்துவிடும். அந்த மேஜையில் நீ வாயைத் திறக்காமல் இரு. அவன் தடுமாறட்டும், ஒற்றை வார்த்தையில் சொல்லட்டும், அடுத்த இரவு இரண்டு வாக்கியம் சொல்வான். மார்க்கைப் பற்றிக் கேட்காத பெரியவர்கள் தன் பேச்சை உட்கார்ந்து கேட்பது பதினைந்து வயதுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே நினைவிருக்கும்.

உடை விஷயத்தில்தான் சண்டை வரும். மாலை ஆறு மணிக்கு மேல் நல்ல உடுப்பு வேண்டும். ஏழு இரவில் இரண்டு விழா இரவு என்பது வழக்கம், அன்று ஆண்களுக்கு அடர்நிற சூட்டும் டையும். ஆனால் அவரவர் நாட்டு முறைப்படியான விழா உடையையும் ஏற்றுக்கொள்கிறார்கள். பெண்ணுக்கு அம்மா தைத்துக் கொடுத்த பட்டுப் பாவாடை தாவணியை எடுத்துப் போ, அந்தக் கூடத்தில் அதைவிட அழகான உடை இருக்காது. பையன் கோட் போடவே மாட்டேன் என்று நின்றால் விட்டுவிடு. பஃபே பக்கம் சாதாரண உடையில் சாப்பிடலாம். முதல் விழா இரவில் தனியாகச் சாப்பிட்டவன் இரண்டாவதுக்குத் தானே கோட்டைத் தேடக்கூடும், தேடாவிட்டாலும் குற்றமில்லை.

வழியில், நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே வெப்ப நீரோட்டமும் லாப்ரடார் குளிர் நீரோட்டமும் சந்திக்கும் இடத்தில் கோடையிலும் மூடுபனி கவியும். அப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது சங்கு ஊத வேண்டும் என்பது கடல் விதி. இந்தக் கப்பலின் சங்குகளில் ஒன்று 1936-இல் ஓடத் தொடங்கிய முதல் குயின் மேரியினுடையது. 16 கிலோமீட்டர் வரை கேட்கும். டைட்டானிக் மூழ்கிய கடற்பகுதியும் இதுவே. சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பிள்ளைகள் படத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த இரவில் 700-க்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்ட கார்பேதியா, இப்போது நீங்கள் போகும் க்யூனார்ட் நிறுவனத்தின் கப்பல் என்பது தெரிந்திருக்காது. அதன் கம்பியில்லாத் தந்தி இயக்குநர் ஹெரால்ட் காட்டமுக்கு வயது 21. படுக்கப் போகிற நேரத்தில், கேட்புக் கருவியைக் கழற்றாமல் இருந்ததால்தான் அபாயச் செய்தி அவர் காதில் விழுந்தது. அருகிலிருந்த கலிஃபோர்னியன் கப்பலின் இயக்குநர் தூங்கிவிட்டிருந்தார். இரவும் பகலும் ரேடியோவில் ஆள் இருக்க வேண்டும் என்ற விதி இதற்குப் பிறகு வந்தது. மூடுபனிச் சங்கு கேட்டுக்கொண்டிருக்கும்போது இதைச் சொன்னால் 13 வயதுப் பெண் நூலகத்துக்கு ஓடிப்போய் மீதியைத் தேடுவாள்.

கடைசி நாள் மட்டும் இருட்டிலேயே இருவரையும் எழுப்பிவிடு. விடியும் முன்பே கப்பல் வெராசானோ பாலத்துக்கு அடியில் நுழையும். பாலத்துக்கும் புகைபோக்கிக்கும் நடுவே சில மீட்டர்தான். அதற்காகவே புகைபோக்கியைக் குட்டையாக்கினார்கள். 1964-இல் திறந்த அந்தப் பாலத்தின் இரு கோபுரங்களும் அடியில் இருப்பதைவிட உச்சியில் 41 மில்லிமீட்டர் கூடுதலாக விலகி நிற்கின்றன, பூமி உருண்டை என்பதால். பையனுக்குக் கணக்குப் பிடிக்குமே, அவனையே போட்டுப் பார்க்கச் சொல். பிறகு சுதந்திரதேவி சிலை, அப்புறம் புரூக்ளின் துறை.

நால்வரும் ஒரே அறை என்றால் இந்த வயதில் அடைசல். பால்கனி உள்ள ஓர் அறைக்குப் பதில் ஜன்னல் இல்லாத இரண்டு அறைகளைப் பக்கத்துப் பக்கத்தில் கேள். தாழ்ந்த தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருந்தால் ஆட்டம் குறைவு. பெண்ணுக்குக் காரிலேயே வாந்தி வரும் என்பதை மறந்துவிடாதே, மாத்திரையை டாக்டரிடம் இப்போதே கேட்டுக்கொள். இணையத்துக்குத் தனிக் கட்டணம், அதில் எவ்வளவு உண்டு என்பதை ஏறும் முன்பே இருவரிடமும் பேசி முடித்துவிடு. கடல்வழி போனாலும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு எஸ்டா என்ற அமெரிக்கப் பயண அனுமதி வேண்டும். உன்னுடையது இன்னும் இந்திய பாஸ்போர்ட் என்பதால் அமெரிக்க விசாவுக்கு உடனே விண்ணப்பி, அந்த நேர்காணல் தேதிக்குத்தான் நாள் பிடிக்கும். இத்தனைக்குப் பிறகும் பையன் முடியாது என்றால் வற்புறுத்தி ஏற்றாதே. சவுத்தாம்ப்டனிலிருந்து இரண்டு மூன்று இரவுச் சிறு பயணங்களும் அதே நிறுவனம் நடத்துகிறது, ஈஸ்டரில் ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அவன் கோட் அளவை எனக்கு எழுது. இங்கே பக்கத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

அன்புடன்,
அக்கா