சோலைமந்தியும் ஆவுளியாவும்

பெங்களூருக்கு அருகிலுள்ள நந்தி மலைக்குச் சென்றோர், பயணிகளின் தின்பண்டத்தைப் பறித்தோடும் குரங்குகளைக் கண்டிருப்பர். அவை மனிதர் நடுவே வாழப் பழகியவை. எல்லா விலங்குகளுக்கும் அது எளிதன்று. ஒரே வகை வாழிடத்தை நம்பியிருக்கும் இரண்டு விலங்குகளை இப்பாடத்தில் ஒப்பிட்டு அறிவோம்.

முதலாவது, சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்றும் இதனை அழைப்பர். கன்னடத்தில் ‘சிங்களீக’ என்பர். உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இது வாழ்கிறது. கர்நாடகத்தின் ஷராவதிப் பள்ளத்தாக்கிலும் தமிழ்நாட்டின் ஆனைமலையிலும் இதனைக் காணலாம். கரிய உடலும், முகத்தைச் சூழ்ந்த சாம்பல் நிறப் பிடரியும், நுனியில் குஞ்சமுள்ள வாலும் இதன் அடையாளங்கள். பழங்களையும் பூச்சிகளையும் உண்டு, பெரும்பாலும் மரங்களிலேயே வாழும்.

இரண்டாவது, ஆவுளியா என்னும் கடற்பசு. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழ்கிறது. தோற்றத்தில் கடல்நாயை ஒத்திருப்பினும் இது வேறு இனம். கடல்நாய் மீன் உண்ணும், கரையேறும். ஆவுளியாவோ கடற்புல்லை மேயும், கரையேறாது. இதன் நெருங்கிய உறவினம் யானையே! ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம் வளரும்.

இவ்விரண்டும் பாலூட்டிகள். இரண்டும் பொதுவாக ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனும். அடுத்த ஈற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். எனவே, ஒரு விலங்கு இறப்பினும் அவ்விழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் வேண்டும்.

இவற்றிற்கு நேரும் துன்பமும் ஒத்ததே. காடு தேயிலைத் தோட்டங்களாலும் சாலைகளாலும் துண்டானபோது, மரம் விட்டு மரம் தாவிய சோலைமந்தி தரையிறங்க நேர்ந்தது, வாகனங்களில் அடிபட்டது. ஆவுளியா மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வரவேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர இயலாமல் மூச்சுமுட்டி இறக்கும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்விரண்டையும் காக்கிறது. வால்பாறையில் சாலைக்கு மேலே மரங்களை இணைத்துத் தொங்கு பாலங்கள் அமைத்துள்ளனர். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிருடன் கடலில் விட்ட மீனவர்களும் உண்டு. வலை அறுந்தால் மீண்டும் பின்னலாம். ஓர் இனம் அழிந்தால் மீட்க இயலாது.

சொற்பொருள்
வாழிடம் – வாழும் இடம்
பிடரி – பின்கழுத்து; இங்கு அதனைச் சூழ்ந்த மயிர்
ஈற்று – குட்டி ஈனுதல்
குஞ்சம் – நூல்கொத்துப் போன்ற தொங்கல்

பயிற்சி
1. கோடிட்ட இடத்தை நிரப்புக: ஆவுளியாவின் நெருங்கிய உறவினம் ________.
2. கடல்நாய்க்கும் ஆவுளியாவுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.
3. வலையில் சிக்கிய ஆவுளியா இறப்பது ஏன்?
4. சோலைமந்திக்குத் தொங்கு பாலம் தேவைப்படுவது ஏன்?
5. உங்கள் சொந்த ஊரில் முன்பு மிகுதியாகக் காணப்பட்டு, இப்போது குறைந்துபோன ஓர் உயிரினத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.