சாலை விபத்தும் நம் கணக்குப் புத்தகமும்

கடைக்குத் தீ இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோம். தராசுக்கு முத்திரை போட்டிருக்கிறோம். உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். காலையில் சரக்கெடுக்கப் போனவர் மாலையில் திரும்பாவிட்டால் குடும்பத்துக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும், அதை எதை வைத்துக் கணக்கிடுவார்கள் என்பது மட்டும் நம்மில் பலருக்குத் தெரியாது.

நம் பக்கத்துச் சாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜனவரி 28 அன்று குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பிய இளைஞர்களின் காரும் ஒரு சிமெண்ட் லாரியும் புளியங்குடி அருகே மோதி, ஆறு பேர் இறந்தனர். இப்படிப்பட்ட சாவுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை பழங்காலத்திலிருந்து வந்ததன்று. ஆளைக் காயப்படுத்தினால் நஷ்டஈடு உண்டு, ஆள் இறந்துபோனால் கேட்பதற்கு யாருமில்லை என்பதே இங்கிலாந்தின் பழைய நியாயம். 1846-ல் அங்கு அதை மாற்றினார்கள். 1855-ல் நம் நாட்டிலும் அதற்கொரு சட்டம் வந்தது.

அந்தச் சட்டப்படி நடந்த வழக்குகளில் நம் மாநிலத்து வழக்கு ஒன்று பெயர் பெற்றது. 1947 செப்டம்பரில் தாராபுரம்–பழனி சாலையில் ஒரு பேருந்து புளியமரத்தில் மோதியது. காயமடைந்த ஒருவர் சில நாளில் இறந்தார். அவருடைய தந்தையும் மனைவி மக்களும் வழக்குப் போட்டார்கள். கோபால்டு மோட்டார் சர்வீஸ் – வேலுசாமி வழக்கு என்று வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக் காட்டுவது இதைத்தான். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1961-ல். பதினான்கு ஆண்டுகள்! இந்தத் தாமதத்தைக் குறைக்கவே 1956-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தார்கள். இன்று வழக்குகள் 1988-ம் வருடச் சட்டத்தின் 166-வது பிரிவில் நடக்கின்றன. விபத்து நடந்த இடத்தில்தான் மனுப் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் போடலாம். ஆரியங்காவில் அடிபட்டவருக்காகக் கேரளத்துக்கு அலைய வேண்டியதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். 2009-ல் சரளா வர்மா வழக்கிலும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை, நம் கடைக் கணக்கைப் போல நேரானது. இறந்தவர் 38 வயதுக் கடைக்காரர். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என நால்வர் அவரை நம்பியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் ரூ.25,000 என்று மெய்ப்பித்தால் ஆண்டுக்கு ரூ.3,00,000. சொந்தத் தொழில் செய்பவர், 40 வயதுக்கு உட்பட்டவர் என்பதால், வருங்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்க்க ரூ.4,20,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிக்க ரூ.3,15,000. அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 15. ஆக ரூ.47,25,000. ஈமச்சடங்கு, துணையை இழந்தது முதலியவற்றுக்கான தொகைகளும், வட்டியும் இதற்கு மேல்.

அதே மனிதரின் வருமானத்துக்குச் சரியான காகிதம் இல்லை. தீர்ப்பாயமே உத்தேசமாக மாதம் ரூ.10,000 என்று எடுத்துக்கொள்கிறது என்றால்? அதே வழியில் போட்டுப் பாருங்கள், ரூ.18,90,000 வரும். வித்தியாசம் ரூ.28,35,000.

இதை நாம் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. நம்மிடம் கடனுக்குச் சரக்கெடுத்த பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்தார். கடையில் நல்ல ஓட்டம். ஆனால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ததில்லை, வங்கியில் பணம் போட்டு எடுத்ததில்லை. எல்லாம் கல்லாவிலிருந்து கைக்கும், கையிலிருந்து கல்லாவுக்கும்தான். அவர் மனைவி கேட்டுக்கொண்டதால் நம் பேரேட்டை எடுத்துக்கொண்டு சாட்சிக்குப் போனோம். இன்சூரன்ஸ் கம்பெனியின் வழக்கறிஞர் கேட்டது ஒரே கேள்வி: “சரக்கு வாங்கியதுதானே இதில் இருக்கிறது, லாபம் எங்கே இருக்கிறது?” நம்மிடம் பதில் இல்லை. கோர்ட்டுக்கு வெளியே வந்து அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ‘கணக்கைக் காட்டினால் வரி வரும் தம்பி’ என்று அவருக்கு நாமே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறோம்.

வரம்புக்குள் வருமானம் இருந்து வரி ஒன்றும் கட்ட வேண்டியிராவிட்டாலும் வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்யலாம். விபத்துக்குப் பிறகு அவசரமாகத் தாக்கல் செய்வதை எதிர்த்தரப்பு சும்மா விடாது. கடை மனைவி மக்கள் கையில் தொடர்ந்து நடக்கிறதே, அப்புறம் என்ன இழப்பு என்றும் வாதிடுவார்கள். தொழில் குடும்பத்தார் பெயருக்கு மாறியது என்பதாலேயே அதன் வருமானம் அப்படியே தொடர்கிறது என்று முடிவு கட்டக்கூடாது என 2022-ல் கே.ரம்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞரிடம் இதை நினைவூட்டுங்கள்.

சரக்கு வண்டியில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறி ஏற்றிய குட்டி யானையில் சரக்குக்குச் சொந்தக்காரர் போனால் 1994-ம் வருடத் திருத்தப்படி இன்சூரன்ஸ் அவரையும் தாங்கும். ஆனால் டிரைவர் பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும். மூட்டைமேல் உட்கார்ந்து போனவர் அந்தப் பாதுகாப்பில் வரமாட்டார் என்று 2007-ல் தீர்ப்பு உண்டு. சும்மா ஏறிக்கொண்டவருக்கு அதுவும் கிடையாது.

நம் வண்டியே பிறர் மேல் ஏறினால் நிலைமை இன்னும் மோசம். பாலிசி காலாவதியாகி இருந்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் நம் வீட்டின்மேல் விழும். லைசென்ஸ் இல்லாத கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்திருந்தால், கம்பெனி முதலில் கட்டிவிட்டு நம்மிடம் வசூலிக்க உத்தரவு வாங்கலாம். நாமே கவனக்குறைவாக ஓட்டி இறந்தால் 166-ல் நம் குடும்பம் கேட்க முடியாது. பாலிசியோடு சேரும் உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு ரூ.15 லட்சம்தான் துணை. அதற்கும் லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். பிரீமியத்தைக் குறைக்க அந்த வரியை அடிக்கச் சொல்லாதீர்கள்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், 2022-ம் வருடத் திட்டப்படி இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம் உண்டு. அதற்குக் கோர்ட்டுக்குப் போவதில்லை. வருவாய்த் துறை அலுவலரிடம் விண்ணப்பிப்பது.

துக்க வீட்டுக்குக் காகிதத்தோடு வரும் தரகர்களிடம் ஜாக்கிரதை. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞர் தொழில் விதிகளுக்கே புறம்பானது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, வயதுக்கு ஆதாரம், வருமானத்துக்கு ஆதாரம் இவற்றின் நகல்களை நாமே ஒரு கட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திருத்தம் மனுப் போட ஆறு மாதக் கெடு விதித்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். அதன் முடிவை நம்பிக் காத்திராமல், பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரமே வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.