புகை குடித்த சுவர்: வெள்ளையடிக்கும் முன் செய்ய வேண்டியவை

முன்கட்டில் கடை, பின்கட்டில் வீடு என்று இருப்பவர்கள் வணிகர்களாகிய நம்மில் பலர். கீழே வியாபாரம், மாடியில் குடித்தனம் என்று இருப்பவர்களும் உண்டு. இப்படிப்பட்ட கட்டடத்தில் எந்த மூலையில் தீப்பிடித்தாலும் புகை இரண்டு இடத்தையும் விடுவதில்லை. தீ அணைந்ததும் நாம் அவசரமாகச் செய்கிற வேலை, கரி படிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது. அதுதான் முதல் தவறு.

இதை எங்கள் அனுபவத்தில் கற்ற பாடமாகவே எழுதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடையில் சாமி படத்தின் முன் ஏற்றிய விளக்கு சாய்ந்து, காலண்டரில் தீப்பற்றி, அருகிலிருந்த பிளாஸ்டிக் பைக் கட்டுகளும் எண்ணெய் அலமாரியும் எரிந்தன. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பண்டிகை வியாபாரம் நெருங்கியதால் மூன்றே நாளில் வெள்ளையடித்துப் புதுச் சரக்கு இறக்கிவிட்டோம். பத்து நாளில் சுண்ணாம்பின் மேல் பழுப்புத் திட்டுகள் கிளம்பின. அதன்பின் டீத்தூளிலும் மைதாவிலும் புகை வாடை அடிப்பதாக வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தீயில் போன சரக்கைவிட வாடையில் போன சரக்கே எங்களுக்கு அதிகம். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தபோது காட்டுவதற்கும் சுவரில் கரி இல்லை.

புகைக்கரி வெறும் தூசி அல்ல

புகைக்கரி மிக நுண்ணிய துகள். எரிந்த பொருளின் எண்ணெய்ப் பிசுக்கும் அதனுடன் சேர்ந்திருக்கும். காகிதம், மரம், சாக்கு எரிந்தால் பெரும்பாலும் உலர்ந்த கரி, தொட்டால் உதிரும். எண்ணெய், பிளாஸ்டிக், ரப்பர் எரிந்தால் பிசுபிசுப்பான கரி. துடைத்தால் இழுவிக்கொண்டு போகும். சுண்ணாம்போ தண்ணீர் கலந்த பெயின்டோ இந்தப் பிசுக்கை அடக்காது. பூசிய ஈரம் காயும்போது கறை மேலே ஏறிவரும். வாடையும் கூடவே வரும். மாவு, டீத்தூள், காபித்தூள், நெய் ஆகியவை பக்கத்து வாடையை இழுத்துக்கொள்ளும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பி.வி.சி. ஒயரும் குழாயும் எரிந்த புகையில் ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயு இருக்கிறது. ஈரம் பட்டால் அது அமிலமாகி, தராசு, ஷட்டர் முதலிய உலோகச் சாமான்களை அரிக்கும். இவற்றை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு, நாள் கடத்தாமல் துடைத்துவிட வேண்டும்.

துடைக்கத் தொடங்கும் முன்

மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே மறுபடி மின்சாரம். சுவரைச் சுத்தியலின் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்டால் பூச்சு விட்டுவிட்டது. அதைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். தூண், உத்தரம், கூரை ஆகியவற்றின் கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், அது ஏறக்குறைய 300 டிகிரி சென்டிகிரேடோ அதற்கு மேலோ சூடேறியதன் அறிகுறி. அதன் பலம் குறைந்திருக்கலாம். அங்கே பெயின்டரை அல்ல, பொறியாளரை அழைக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் இருந்தால் உடனே எழுத்து மூலம் தகவல் கொடுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை சுவரையும் எரிந்த சரக்கையும் அப்படியே விட்டுவையுங்கள். போட்டோக்கள், தீயணைப்புத் துறையின் அறிக்கை, இருப்புப் பதிவேடு, கொள்முதல் பில்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கென்று 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கு உரியது 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வேறொரு பாலிசி. கடைக்கு எடுத்தது பின்கட்டு வீட்டுக்கும் சேரும் என்று நாமே எண்ணிக்கொள்ளாமல் பாலிசியைப் படித்துப் பார்ப்பது நல்லது.

சுத்தம் செய்யும் வரிசை

1. உலர்ந்த துடைப்பு. ஜன்னல்களைத் திறந்து, மாஸ்க்கும் கையுறையும் அணிந்து, கூரையில் தொடங்கி மேலிருந்து கீழே வாருங்கள். மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். இந்த நிலையில் ஈரத்துணி கூடவே கூடாது. கரி மை போலாகிச் சுவருக்குள் இறங்கிவிடும். சிறிய இடங்களில் எஞ்சிய உலர்ந்த கரியை, உப்புச் சேர்த்துக் கையில் ஒட்டாதபடி கெட்டியாகப் பிசைந்த மைதா உருண்டையால் ஒற்றி எடுக்கலாம். அமெரிக்காவில் நிலக்கரிப் புகை படிந்த சுவர்த்தாளைத் துடைக்க விற்ற மாவுக் கலவைதான், 1956-இல் 'பிளே-டோ' என்ற குழந்தைகளின் விளையாட்டு மாவாக மாறியது.

2. கழுவுதல். ஆயில் பெயின்ட், எமல்ஷன் அடித்த சுவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். ரப்பர் கையுறையுடன், சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் கரிநீர் உலர்ந்த சுவரில் வழிந்து கோடு போட்டுவிடும். பிறகு சோடா போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். சுண்ணாம்புச் சுவரும் சாதாரண டிஸ்டெம்பர் சுவரும் கழுவத் தாங்காது. பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பதே வழி.

3. காயவிடுதல். அவசரப்பட்டால் முன் செய்த வேலை வீண். காற்றோட்டத்தில் முழுவதும் காய வேண்டும்.

4. அடைப்புப் பூச்சு. கறையையும் வாடையையும் உள்ளேயே நிறுத்த அரக்குப் பிரைமர் சிறந்தது. அடுத்தபடியாக ஆயில் பிரைமர். தச்சர்கள் மரத்துக்கு ஏற்றும் பிரெஞ்சு பாலிஷும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்ததுதான். ஸ்பிரிட் ஆவி எளிதில் தீப்பற்றும்; பூசும்போது விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் அருகில் ஆகாது. அரக்கின் மேல் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். காரம் பட்டால் அரக்கு கரையும். அதன் மேல் எமல்ஷன் அடிக்கலாம்.

சரக்கு இறக்கும் முன்

பெயின்ட் வாடை நீங்கிய பிறகு, ஒரு தட்டில் மைதாவும் இன்னொன்றில் டீத்தூளும் பரப்பி, இரவு முழுவதும் கடையைப் பூட்டி வையுங்கள். காலையில் வெளியே கொண்டுவந்து முகர்ந்து பாருங்கள். புகை வாடை இருந்தால் சுவரில் இன்னும் வேலை பாக்கி என்று பொருள்.

புகையில் கிடந்த திறந்த சாக்கு அரிசியையும் பருப்பையும் காயவைத்து விற்றுவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். பாதுகாப்பற்ற உணவை விற்பது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி குற்றம். அதோடு, அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிடப் போகிறவர்கள் நம் தெருக்காரர்கள்தான். கடை இன்னும் பத்து நாள் மூடிக் கிடந்தால் காரணம் கேட்பார்கள், சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். வாடை அடித்த பொருளைக் கொடுத்தால் கேட்காமலே அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.