விரலுக்குத் தெரியும் ஸ்வரம்

கண் தெரியாதவங்களுக்குப் பாட மட்டும்தான் வரும்னு சிலர் சொல்றாங்க. அது சரியில்லை.

வீணையைத் தொட்டுப் பாருங்க. மெழுகில் 24 பித்தளை மெட்டுகள் பதிச்சிருக்கும். ஒரு ஸ்தாயிக்கு 12. கண்ணை மூடிக்கிட்டே விரலால் எண்ணலாம். மேல் ஸ்தாயிக்குப் போகப்போக மெட்டுகள் நெருங்கும், அதுவும் ஓர் அடையாளம்தான்.

வயலினில் மெட்டே கிடையாது! பலகை வழவழன்னு இருக்கும். விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் சுருதி போச்சு. அதனால் புதுசாகக் கத்துக்கிறவங்களுக்குத் தந்திகளுக்கு அடியில் டேப் ஒட்டுவாங்க. பார்வையில்லாதவருக்கு வெறும் கலர் டேப் எதுக்கு? விரலில் தட்டுப்படணும். டேப்புக்குள் ஒரு மெல்லிய நூல் வைத்தால் போதும். நூல் தடிமனா இருந்தால் தந்தி அதில் பட்டு இரையும்.

ஸ்வரம் படிக்க பிரெய்ல் புள்ளிகள் உண்டு. அதை உருவாக்கிய லூயி பிரெய்ல் (1809–1852) தானும் பார்வையற்றவர், பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர். ஆனால் தந்தி வாத்தியத்துக்கு ரெண்டு கையும் வேணுமே, புள்ளியைத் தடவ மூணாவது கைக்கு எங்கே போறது? அதனால் கொஞ்சம் தடவிப் படித்து, மனப்பாடம் செய்து, அப்புறம்தான் வாத்தியத்தைக் கையில் எடுப்பாங்க. (நாம எட்டு வரிச் செய்யுளுக்கே அழுகிறோம்!) பியானோ என்றால் ஒரு கையால் படித்துக்கொண்டே மறு கையால் வாசித்துப் பழகலாம். வீணைக்கும் வயலினுக்கும் அந்த வசதி இல்லை.