‘பர்க்’ என்னும் ஆங்கில வினைச்சொல்

அடக்குதல் என்னும் பொருள்தரும் வினைகள் ஆங்கிலத்திற் பல. ‘ஸப்ரெஸ்’ என்பது யாவரும் அறிந்தது. கலகம், சிரிப்பு, இருமல் எல்லாவற்றையும் அதனால் அடக்கலாம். ‘பர்க்’ என்பதோ இக்காலத்து அரிதாய் வழங்குவது. இது பேரறிஞர் எட்மண்ட் பர்க்கின் பெயரடியாகப் பிறந்ததுபோலும் என யான் முதலில் மயங்கினேன். உண்மை வேறு, அஃது ஒரு கொலைஞன் பெயர்.

1828-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் வில்லியம் பர்க், வில்லியம் ஹேர் என்னும் இருவர் 16 பேரைக் கொன்று, உடல்களை ராபர்ட் நாக்ஸ் என்னும் உடற்கூற்றாசிரியருக்கு விற்றனர். சட்டப்படி கிடைத்த பிணங்கள் மாணாக்கர்க்குப் போதாமையின் அவற்றிற்கு நல்ல விலையிருந்தது. காயம்பட்ட உடல் ஐயம் விளைக்குமாதலால், மதுவூட்டி மயக்கி, வாயும் மூக்கும் பொத்தி, மார்பை அமுக்கிக் கொன்றனர். 1829 ஜனவரி 28-இல் பர்க் தூக்கிலிடப்பட்டபோது, அவனையும் ‘பர்க்’ செய்க என்று கூட்டத்தினர் கூவினராம். கொன்றவன் பெயர் அங்ஙனம் வினையாயிற்று.

பின்னர்ப் பொருள் விரிந்தது. விசாரணையை, வினாவை, வெளிவரவேண்டிய நூலைச் சந்தடியின்றி ஒழித்தலையும் அச்சொல் குறித்தது. படைகொண்டு கலகத்தை ஒழித்தல் ‘பர்க்’ ஆகாது. அஃது ஊரறிய நிகழ்வது. விடுத்த விண்ணப்பம் விடையின்றி மேசையறைக்குள்ளேயே மாய்ந்தால், அதுவே ‘பர்க்’. தடயம் இன்மையே இதன் உயிர்நிலை.

தமிழில் இதனை எங்ஙனம் பெயர்ப்பது? ‘அடக்கு’ என்பது பொருந்தாது. அடக்கத்தை ஓர் அறமாகக் கொண்டு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார்; கிறிஸ்தவராகிய நாமோ இறந்தாரை மரியாதையுடன் மண்ணிற் சேர்த்தலை நல்லடக்கம் என்கிறோம். ‘ஒடுக்கு’ என்பதில் வன்மை வெளிப்படையாய்த் தோன்றும். ‘அமுக்கு’ என்பதே தக்கது என்பேன். ‘விஷயத்தை அமுக்கிவிட்டார்கள்’ என்று கடைத்தெருவிற் பேசுவது புலவர் செவிக்கு இனிக்காதிருக்கலாம். எனினும் வாய்பொத்தும் கையும் மறைக்கப்பட்ட செய்தியும் அவ்வொரு சொல்லில் ஒருங்கே நிற்கின்றன.

அவ்வழக்கிலேயே இதற்கு இடமுண்டு. 16 கொலைகளுள் ஒன்றற்கே தீர்ப்பு வழங்கப்பட்டது. ஹேர் அரசுதரப்புச் சாட்சியாகித் தப்பினான். பிணங்களை வாங்கிய நாக்ஸ்மீது வழக்கே தொடரப்படவில்லை. 1829 பிப்ரவரியில் நகரமக்கள் அவர் வீட்டின்முன் திரண்டு, அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினர்.