மழை நாளில் நாயும் நாமும்



நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. ஜொகூர், பகாங் தோட்டங்களில் சில நாள்கள் விடாமல் மழை பெய்யும். நாம் வீட்டினுள் அடைபட்டிருப்போம். நாயும் கட்டுண்டு கிடக்கும். அது ஓயாமல் குரைத்தால் பிரம்பை எடுக்கிறோம். அது குறும்பன்று, சலிப்பே. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது அச்சலிப்பை நாமும் அறிந்தோமல்லவா?

நாய் உலகை மூக்கால் அறிகிறது. மணமறியும் உணர்வணுக்கள் நமக்குச் சுமார் 60 இலட்சம். நாய்க்கோ 10 கோடிக்கும் மேல். ஆதலின் மூக்கிற்கு வேலை கொடுப்பதே அதற்கேற்ற விளையாட்டு.

மூன்று கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து, ஒன்றனுள் சிறு சோற்றுருண்டையை ஒளித்து வையுங்கள். முதலில் நாய் பார்க்கும்படி வையுங்கள். பின்னர்ப் பாராதபடி வையுங்கள். கண்டுபிடித்தால் தட்டிக்கொடுங்கள். அடுத்து, அறையின் மூலைகளில் ஒளிக்கலாம். தம்பி ஒளிக்கட்டும், அக்காள் எத்தனை விநாடிகள் ஆயின என்று குறித்து வரட்டும். நாள்தோறும் ஒப்பிட்டால் கணக்குப் பயிற்சியும் ஆகும். சாக்லெட், வெங்காயம், வேகவைத்த கோழியெலும்பு ஆகியவற்றைக் கொடுக்கலாகாது.

பெற்றோரே, இதற்குப் பணம் வேண்டியதில்லை. கால் மணி நேரம் போதும். மோப்பம் பிடித்துத் தேடிய நாய் களைத்து உறங்கும். பிள்ளைகள் அமைதியாகப் பாடம் படிப்பர். வாயில்லா உயிரின் குறையைப் பிரம்பின்றித் தீர்க்கக் கற்பதும் கல்வியே.